பரணுக்குப் போன கம்பு

"ஏங்க, கரண்டியயுமா ஒளிக்கணும்? அப்ப கொழம்ப எதால ஊத்துறதாம்?"

"டம்ளரால ஊத்துடி!"ன்னு பரண் மேலேருந்து கத்துனான் சாமிதுரை. தொடப்பக்கட்ட, பெல்ட்டு, மாடோட்டுற கம்பு எல்லாம் மேல போயிருச்சு. எறையூர் மில்லுல சக்கர மூட்டைய ஒத்த ஆளா தூக்குறவன், அப்பா அய்யாக்கண்ணு வராருன்னதும் வேர்த்துக் கொட்டுறான். சின்ன வயசுல இவன கையில கெடச்சதால எல்லாம் வெளுத்த மனுசனாச்சே!

பொண்டாட்டி கலியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. "எழுவது வயசுக் கெழவரு, இன்னமுமா உங்கள அடிப்பாரு?"

பஸ்ஸ விட்டு எறங்குன அய்யாக்கண்ணு செவுத்தப் புடிச்சிக்கிட்டேதான் வந்தாரு. "காலு நிக்கலடா. ஊனிக்க ஒரு கம்பு இருந்தா குடேன்."

"எல்லாம் பரண்ல இருக்கு மாமா! நீங்க அடிப்பீங்கன்னு உங்க மவன்தான் ஒளிச்சு வச்சாரு!"

"அவரு அடிப்பாருன்னு இல்லடி"ன்னான் சாமிதுரை. "பழசெல்லாம் ஞாபகம் வந்து, நான் அடிச்சிருவேனோன்னுதான்."

கெழவரு தலையத் தொங்கப் போட்டுட்டாரு.

சாமிதுரை பரண்ல ஏறி அந்தக் கம்ப எடுத்தான். அடிக்கக் கை பரபரக்கும்னு நெனச்சான், பரபரக்கவே இல்ல. எறங்கிவந்து அவரு கையிலயே குடுத்தான். "இந்தாங்க. ஊனிக்கத்தான், ஓங்குறதுக்கு இல்ல."

"அப்படியே அந்தக் கரண்டியயும் எறக்குங்க, கொழம்பு ஆறுது!"ன்னா கலியம்மா.

நீங்களா இருந்தா அந்தக் கம்ப அவரு கையில குடுத்திருப்பீங்களா, சொல்லுங்க?