வளையம் பிடித்த காலை

அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள்: மேசையருகே ஓய்வுபெற்ற எழுத்தர், கட்டில் விளிம்பில் அவர் மனைவி, ஜன்னலடியில் முக்காலியில் இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ் மகள். அவள் வாங்கி வந்த மலிவு விலை வளைய ஆன்டெனாவை ஜன்னல் கம்பியில் மாட்டினால் சிற்றலை வானொலி வெறுமனே இரைகிறது. கையில் தூக்கிப் பிடித்தால்தான் அந்தத் தூரதேசக் குரல் தெளிகிறது. நேயர்களுக்குச் சரியாகக் கேட்காவிட்டால் இந்தக் காலை ஒலிபரப்பையே நிறுத்திவிடுவதாக நிலையம் அறிவித்திருக்கிறது. ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று நேயர்கள் ஐந்துக்கு மதிப்பெண் போட்டு அனுப்பும் கேட்பு அறிக்கையைத் தபாலில் சேர்க்க இன்றே கடைசி நாள். "சீக்கிரம் எழுதுங்கப்பா, கை கழண்டு விழுது." "இன்னும் ரெண்டே நிமிஷம்மா." "அஞ்சுக்கு அஞ்சு போட்டுத் தொலைங்களேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்கிறாள் மனைவி. இத்தனை வருஷ அறிக்கைகளில் அவர் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போட்டதில்லை. சாம்பல் நிற வெளிச்சத்தில் மகளின் கண் சொருகுகிறது; வளையம் சரிய, குரல் இரைச்சலில் முங்குகிறது. மனைவி எழுந்து போய் மகளின் முழங்கையைத் தாங்கிப் பிடிக்கிறாள். குரல் மறுபடி மேலே வருகிறது. 'தெளிவு: ஐந்துக்கு மூன்று' என்று எழுதுகிறார். ஆன்டெனா என்ற கட்டத்தில் சற்று நின்ற பேனா நிதானமாக நகர்கிறது: 'வளையம். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தது.' மகள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறாள். அவர் உறையை ஒட்டி, தபால் பெட்டியில் போடப் படியிறங்குகிறார்.