நிஜ முடி

அவள் புருவத்தில் நாலைந்து முடிதான் மிச்சம் இருந்தது.

"பென்சில்ல வரைஞ்சுக்கலாம். இல்லேன்னா பச்சை குத்திக்கலாம். வித்தியாசமே தெரியாது" என்றார் தோல் டாக்டர்.

"வேண்டாம். நிஜ முடியா நட்டுடுங்க" என்றாள் மூன்றாவது முறையாக.

"அவ ஆசைப்படியே செய்யுங்க டாக்டர்" என்று குழைந்தான் கணவன்.

அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது தானா உதிரலம்மா. நீங்களே பிடுங்கறீங்களா?"

அவள் கதவைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அவர்தான். நான் ஒரு தப்பு பண்ணினா ஒரு முடி."

"அப்புறம் எதுக்கும்மா நடணும்? அதையும் பிடுங்குவாரே!"

"பிடுங்கட்டும் டாக்டர். எனக்கு முடி தீரப்போகுது. நேத்து எங்க ஆறு வயசுப் பொண்ணை மடியில உட்கார வெச்சு, அவ புருவத்தைத் தடவிப் பார்த்தாரு."