அலைச் சத்தம் கேட்கும் தூரம்

ஒவ்வொரு மழைக்காலத்திலும் நத்தையும் கழுதையும் கடலுக்குப் போகத் திட்டம் போடும். முதல் வருடம், பாலத்துக்கு மேல் வெள்ளம் போவதாகக் கழுதை சொன்னது. அடுத்த வருடம் புயல் வருவதாகச் சொன்னது. இந்த வருடம் சாலையையே மழை அரித்துவிட்டது என்றது.

"உனக்குப் பயம். நான் தனியாகவே போகிறேன்" என்று சொல்லிவிட்டு நத்தை சாலையில் இறங்கிக் கிழக்கே ஊர ஆரம்பித்தது.

கழுதை ஓர் எட்டு வைத்து அதன் முன்னால் போய் நின்றது.

"போகாதே. கடல் முழுக்க உப்பு. பட்டால் நீ கரைந்துபோவாய். உப்பு மூட்டை சுமந்தவன் சொல்கிறேன்."

நத்தை கொம்புகளை உள்ளே இழுத்துக்கொண்டது.

"இதை முதல் வருடமே சொல்லியிருக்கலாமே?"

"அலையைப் பற்றி நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். எனக்கு மனசு வரவில்லை."

இரண்டும் மழையில் நனைந்தன. பிறகு நத்தை கேட்டது:

"அலைச் சத்தம் எதுவரைக்கும் கேட்கும்?"

"சவுக்குத் தோப்பு வரைக்கும் கேட்கும். அங்கே மண்ணில் உப்பு இல்லை."

"அப்படியானால் அதுவரைக்கும் போகலாம்."

கழுதை சாலையிலேயே படுத்தது. நத்தை அதன் முதுகில் ஏறி முடிப்பதற்குள் மழை நின்று, வெயில் அடித்து, மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. கழுதை எழுந்து நடந்தது.