மூலைத்தொட்டி மீன்

“மீனெண்டால் குழம்பு வைக்கிறதுக்குத்தான், பிள்ளை. அதில ஆணென்ன, பெண்ணென்ன?”

பணிப்பாளர் வீரசிங்கம் கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார். எதிரே நின்ற அகீலாவுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கெலிஓயாவிலுள்ள அந்தத் தனியார் மீன் ஆய்வு நிலையத்துக்கு அவர் தலைவராக வந்து இரண்டு வருடமாகிறது. நிலையத்தில் என்ன ஆய்வு நடக்கிறது என்பது மட்டும் அந்தப் பெரிய மனிதருக்கு இன்னும் பிடிபடவில்லை.

விஷயம் ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. திலாப்பியா மீனை ஆணாக்குவது இதுதான் என்று சந்தேகப்பட்ட ஒரு ஜீனை, முட்டைப் பருவத்திலேயே அகீலா வெட்டியிருந்தாள். குஞ்சுகள் வளர்ந்ததும் செட்டையில் துணுக்கெடுத்துச் சோதித்து, மரபணுப்படி ஆண் என்று உறுதியானவற்றை மட்டும் தன் அறைத் தொட்டிகளில் வைத்துக்கொண்டாள். அந்த ஆண்களில் ஒன்றே ஒன்று முட்டை வைத்துவிட்டால் போதும். ஆணாக்குவது அந்த ஜீன்தான் என்று நிரூபணமாகிவிடும், அவளுக்குக் கலாநிதிப் பட்டமும் கிடைத்துவிடும். வைக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

இதையெல்லாம் அவள் அவருக்குப் படம் வரைந்துகூடக் காட்டியிருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. மீன் வடிவாயிருக்கு என்றார் அவர்.

“சரி, எல்லாத்தையும் அறுத்துப் பாத்தனீரோ?”

“ஒண்டத் தவிர எல்லாத்தயும் பாத்த, சேர். எல்லாம் ஆண்தான். மூலைத்தொட்டியில தனியா ஒண்டு இருந்திச்சி. அது மத்ததுகள் மாதிரி இல்ல. திங்கக்கிழம வந்து பாத்தா அதக் காணல்ல.”

பக்கத்தில் ஓடும் கங்கையிலிருந்து நீர்நாய் ஏறி வந்திருக்கும் என்று தொட்டி கழுவும் மூக்கையா சொல்லியிருந்தார். கதவைப் பூட்டாமல் போனதற்காக அகீலா அவரை நன்றாகத் திட்டியும் இருந்தாள். அதையும் அவள் சொல்லக் கேட்டு வீரசிங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஒரு மீனுக்கு இந்தப் பாடோ? ஆணைப் பெண்ணாக்கப் போறாவாம். ஆண்டவன் படைச்சதை மாத்த ஏலுமே, பிள்ளை?”

இன்னும் ஒரு மாதம் தரும்படி அவள் கேட்டாள். புதிதாக முட்டை எடுத்து மறுபடி தொடங்கலாம் என்றாள். கெஞ்சுவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அவரோ பேனையைத் திறந்து, ஆய்வு தோல்வி, அறை மூடப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்த அறையில் இனி ஹோட்டல்களில் அழகுக்கு வைக்கும் கப்பி மீன் வளர்க்கப் போகிறார்களாம். நாய்க்குத் தெரியுமா நெய்யின் ருசி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு அகீலா கதவை நோக்கி நடந்தாள்.

“பிள்ளை, சொல்ல மறந்திட்டன். மூக்கையாவை ஏசாதையும், பாவம்,” என்றார் வீரசிங்கம் பெருந்தன்மையோடு. “நான் வழக்கமாக் கறிக்கு மீன் பிடிக்கிற வெளிக்குளம் சனிக்கிழமை மழையில கலங்கிப் போச்சு. அதால உம்மட மூலைத்தொட்டி மீனை நான்தான் கறிக்குக் கொண்டுபோனன். மனுசி அறுத்துப் பாத்தால் வயிறு நிறைய முட்டை. பேரப்பிள்ளையள் பொரியலுக்கு அடிபிடிப்பட்டுதுகள்.”