குறைந்த குப்பைக் குடும்பம்

மாடி நர்ஸின் குப்பைத் தொட்டியைத் தராசுக் கொக்கியில் மாட்ட ஒரு ஆள் போதவில்லை. பசுமை சார் ஒரு பக்கமும் டெய்லர் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கினார்கள்.

"அடேயப்பா! முள்ளு எங்கே போய் நிக்குது பாருங்க!" என்று கூவினார் பசுமை சார். "தனியா இருக்கிற பொண்ணு. ஒரே ஒரு ஆளுக்கு இவ்வளவு குப்பையா?"

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பெற்றவர்கள் வைத்த பேர் எங்களுக்கு மறந்தே போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா வீட்டுத் தொட்டியையும் கீழே வரவழைத்து நிறுக்கிற இந்தக் கூத்தும் அவர் கண்டுபிடிப்புதான். வருஷக் கடைசியில் கனம் குறைந்த வீட்டுக்கு 'குறைந்த குப்பைக் குடும்பம்' என்று ஒரு பலகை கொடுப்பார்கள். அது இதுவரை அவர் வீட்டு வாசலைத் தாண்டி வேறெங்கும் போனதில்லை.

எப்படிப் போகும்? அவர் வீட்டுச் சட்டம் அப்படி. கடை பிஸ்கட் உள்ளே வரக் கூடாது. குளித்த தண்ணீர் செடிக்குப் போக வேண்டும். கிழிந்த பெட்ஷீட் தலையணை உறையாகும், அதுவும் கிழிந்தால் மிதியடியாகும். கரண்ட் மிச்சமாகட்டும் என்று வாஷிங் மெஷினையே விற்றுவிட்டார். பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் பொம்மை கிடையாது, பேச்சு மட்டும்தான். வாங்குவதைக் குறைத்தால் பூமி பிழைக்குமாம்.

சொல்வது எல்லாம் இவர். செய்வது எல்லாம் இவர் மனைவி. குடித்த டம்ளரை இந்த மனுஷன் கழுவி வைத்து நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, உள்ளே கல்லு கில்லு போட்டு வெச்சிருக்கியா?" என்றார் டெய்லர். கூட்டம் சிரித்தது.

நர்ஸ் அப்போதுதான் ராத்திரி டியூட்டி முடிந்து வந்திருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. "இனிமே குறைச்சுக்கறேன் சார்" என்றாள்.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துடுவோம்!"

"ஐயோ, பிரிக்காதீங்க சார்!"

கேட்கிற ஆளா அவர்? தொட்டிக்குள் இருந்த கறுப்புப் பையை வெளியே இழுத்து முடிச்சை அவிழ்த்துவிட்டார். உள்ளே சுருட்டிச் சுருட்டி வைத்த டயப்பர்கள். பெரியவர்கள் கட்டுகிற சைஸ்.

"பாருங்கய்யா அநியாயத்தை! தனியா இருக்கிறவங்க வீட்டுல டயப்பர்! ஆஸ்பத்திரிக் குப்பையைக் கொண்டாந்து நம்ம தலையில கொட்டறாங்க!"

"வீட்டுக்குள்ளேயே யாருக்காவது வைத்தியம் பாக்குறாளோ என்னவோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "யார் கண்டா? என்ன கண்றாவியோ!" என்று இன்னொன்று.

பசுமை சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எங்கப்பா படுத்த படுக்கையா கிடக்கார், உங்க எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுல ஒரு டயப்பர் உண்டா? பழைய துணிதான். துவைக்கிறோம், காயப்போடறோம், மறுபடியும் கட்டறோம். மனசு வேணுங்க, மனசு!"

துவைக்கிறோமாம்! இவர் பக்கெட்டைத் தொட்டதைப் பார்த்தவர் யாராவது உண்டா?

"வீட்டுக்காரர்கிட்டே பேசிட்டேன்" என்றார் பசுமை சார். "நாம தீர்மானம் போட்டா, இந்த மாசத்தோட இவங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவார். கையைத் தூக்குங்க."

ஒவ்வொரு கையாகத் தூக்கினார்கள். அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் தெம்பு இருக்கிறது?

நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல வேற வீடு கிடைக்காது சார். ராத்திரி, விடிகாலைன்னு தனியா நடந்து வர்றவ நான்."

"அப்போ இது யாரோட குப்பைன்னு சொல்லுங்க. விட்டுடறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்றதுக்கில்லை சார். நான் காலி பண்ணிக்கறேன்."

"பாத்தீங்களா, சொல்ல மாட்டேங்கறாங்க! மடியில கனம்!"

அப்போதுதான் ஓரமாக நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்தாள். "என்னங்க, அந்தப் பையை மூடுங்க."

"நீ சும்மா இரு. இது சங்க விஷயம்."

"அக்கா, வேண்டாம்க்கா" என்று நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள்.

"விடும்மா. உன்னை வீட்டை விட்டுத் துரத்தறதைப் பாத்துட்டு நின்னா நான் மனுஷியே இல்லை" என்று கையை விடுவித்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "அது நம்ம வீட்டுக் குப்பைங்க."

"என்ன உளறறே? அப்பாவுக்குத் துணிதானே கட்டறோம்?"

"கட்டினேன். ஈரத்துல ஊறி ஊறி அவருக்கு முதுகெல்லாம் புண்ணாகிப் போச்சு. உங்ககிட்டே சொன்னதுக்கு, இன்னும் நாலு துணி கூடக் கிழிச்சுக்கோன்னீங்க. நீங்க வேலைக்குப் போனப்புறம் இந்தப் பொண்ணுதான் தினமும் வந்து சுத்தம் பண்ணி, மருந்து போட்டு, தானே டயப்பர் வாங்கிக் கட்டிவிடுது. நம்ம தொட்டி கனத்தா நீங்க என்னைத் தின்னுடுவீங்கன்னு, குப்பையையும் அதுவே மேல தூக்கிட்டுப் போகுது."

"என்கிட்டே ஒரு வார்த்தை... எனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் வாசல்லேயே நின்னு 'என்னப்பா, நல்லாயிருக்கீங்களா'ன்னு கேட்டுட்டுப் போறவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை மாசத்துல ஒரே ஒரு தடவை கிட்டப் போய், உங்கப்பாவோட போர்வையை விலக்கிப் பாத்திருக்கீங்களா?"