தூய்மையான கவலை

மனித குல வரலாற்றிலேயே மிகத் தூய்மையான கவலை தன்னுடையதுதான் என்று மெய்யழகன் உறுதியாக நம்பினார். மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டி வரவிருக்கும் நாற்பது மாடி அலுவலகத்துக்காக அவர் தெருவை இடிக்கப்போகிறார்கள். ஆட்சேபணை பதிவான வீட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். விசாரணையில் கவலையை அளக்கக் கையில் மாட்டும் பட்டை, நாடித்துடிப்பு நூறைத் தாண்டினால்தான் ஆட்சேபணையை ஏற்கும்.

பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சர் விசாரணை மண்டபத்தின் மாடிப்படியில் ஓடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், ஒலிம்பிக்ஸா? நெஜமா கவலைப்படறவனுக்கு எதுக்கு இந்த டிராமா?"

"உங்களுக்கென்ன சார், பெரிய ஆளு" என்று மூச்சிரைக்க உள்ளே போனார் டீச்சர். நூற்றுப் பதினெட்டு. பதிவானது.

மெய்யழகன் கையை நீட்டினார். உள்ளங்கை வியர்த்து, தொண்டை வறண்டிருந்தது. திரை அறுபத்தெட்டு என்றது.

"உங்களுக்கு ஆட்சேபணை இல்ல சார்" என்றார் அலுவலர்.

"அய்யோ, காலைல பிரஷர் மாத்திரை போட்டேம்மா! அதான் துடிப்பு ஏற மாட்டேங்குது."

"அதை எழுத இந்த ஃபாரத்துல எடம் இல்ல. அஞ்சு மணிக்குள்ள இன்னொரு தடவை வரலாம்."

மணி நாலு ஐம்பது. படிக்கட்டில் யாரும் இல்லை என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மெய்யழகன் வேட்டியை மடித்துக் கட்டினார்.