காலடியில் ஒரு முட்டை

கடலாமை முட்டையிட்ட குழியை எந்த நாய் தோண்டினாலும் அதை ஊரைவிட்டே அனுப்பிவிட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் சொன்னவர் கஸ்பார்தான். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. இன்று விடிந்தபோது குழியைச் சுற்றிப் போட்டிருந்த மூங்கில் வேலி சாய்ந்து கிடந்தது. கிழிந்த முட்டைத் தோல்களைச் சுற்றி ஊரே நின்றது. போன மாதம் தெருநாய்களைத் தத்துக்கொடுத்த முகாமில் அவர் மருமகள் ஸ்டெல்லா தத்தெடுத்து வந்த செவலை நாய் கூட்டத்துக்குள் நுழைந்து, வாயிலிருந்த ஒரு முட்டையை அவர் காலடியில் மெல்ல வைத்தது. முட்டை உடையவில்லை. பல் பட்ட இடம் மட்டும் அமுங்கியிருந்தது.

“பெரியவருக்குக் காணிக்கை வந்திருக்கு பாரும்வே!” என்று யாரோ சிரித்தார்கள்.

“யார் வீட்டு நாய் இது?” என்றார் சுருக்குக் கம்பியோடு வந்த நாய் பிடிக்கும் வண்டிக்காரர்.

“எங்க வீட்டுல நாயே கிடையாது,” என்றார் கஸ்பார்.

“மாமா!” என்றாள் ஸ்டெல்லா. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சுருக்கு நீண்டதும் நாய் அவருடைய கால்களுக்குப் பின்னால் போய் வேட்டியோடு ஒட்டிக்கொண்டது. வண்டிக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். நாய் கஸ்பாரைச் சுற்றியே நகர்ந்தது. அதன் உடல் நடுங்குவது அவருடைய கெண்டைக்காலில் தெரிந்தது.

“உங்க நாய் இல்லன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பெரியவரே.”

கஸ்பார் நிமிர்ந்து கடலைப் பார்த்தார். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். “ஒரு எட்டு போதும், பெரியவரே,” என்றார் வண்டிக்காரர் மறுபடியும். ஊர் முழுவதும் கஸ்பாரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது.